சட்டைப் பைக்கு ஒரு மடக்குக் கத்தி: எம்.சி. ரோட்டுக் கிடங்கில் மூன்றைப் பழக்கிப் பார்த்ததில்

பழைய வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோட்டை ஒட்டிய சந்துகளில் ஜவுளிக் கிடங்கு வைத்திருப்பவர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் எப்போதும் ஒரு கூரான பொருள் வேண்டும். சூரத்திலிருந்து வரும் சேலைப் பேல் சாக்குத் துணியில் வைத்துத் தைத்து, நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டி வருகிறது. திருப்பூர் பனியன் பெட்டிகள் பழுப்பு டேப்பும் பிளாஸ்டிக் பட்டையுமாக வருகின்றன. ஈரோட்டு லுங்கிக் கட்டுகளைச் சணல் சுற்றியிருக்கும். இந்த வேலைகளுக்கெல்லாம் எங்கள் பகுதியில் பெரும்பாலும் பயன்படுவது, முனை மழுங்கியதும் ஒரு துண்டை ஒடித்துவிட்டு அடுத்த துண்டை வெளியே தள்ளிக்கொள்ளும் மஞ்சள் கட்டர்தான். அது மலிவானது, எந்த ஸ்டேஷனரி கடையிலும் கிடைப்பது. ஆனால் அவசரத்தில் ஒடித்த துண்டு எங்கே தெறித்தது என்று தெரியாமல் துணி மடிப்புக்குள் போய்விடும் என்ற ஒரே காரணத்துக்காகவே அதைக் கிடங்கை விட்டு வெளியேற்றிவிடலாம் என்பது என் கருத்து. வாங்கிப் போன பாவாடை மடிப்பிலிருந்து ஒரு பிளேடுத் துண்டு விழுந்தால், மாற்றுத் துணி கொடுத்து அதைச் சரிக்கட்ட முடியாது.

ஆகவே எந்நேரமும் சட்டைப் பையிலோ கால்சட்டைப் பையிலோ வைத்துக்கொள்ளத் தக்க மடக்குக் கத்தி ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்காக மூன்று கத்திகளை மாற்றி மாற்றி வேலையில் பழக்கிப் பார்த்தேன். முதலாவது, இணையத்தில் வாங்கிய சீனத் தயாரிப்பு. கட்டைவிரலால் அலகைத் தள்ளித் திறந்ததும் உள்ளிருந்து ஒரு மெல்லிய தகடு நகர்ந்து வந்து அலகின் அடியில் முட்டுக்கொடுத்துப் பூட்டிவிடும் வகையைச் சேர்ந்தது. இரண்டாவது, மரப்பிடி போட்ட பிரான்ஸ் நாட்டு ஒப்பினெல் 8ஆம் எண், கார்பன் எஃகு அலகு. மூன்றாவது, சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் கேடெட், அலுமினியப் பிடி. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இப்போது என் பையில் இருப்பது கேடெட். மூன்றில் நன்றாக வெட்டுவது ஒப்பினெல், சட்டென்று திறப்பது சீனத்துக் கத்தி, இரண்டிலும் கேடெட் பின்தங்கித்தான் நிற்கிறது. இருந்தும் அதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அன்றாடம் பையில் வைத்துக்கொள்ளும் கத்தி வெட்டுகிற நேரம் மிகவும் குறைவு, வெறுமனே கிடக்கிற நேரம்தான் மிகுதி; அப்படிக் கிடக்கும் நேரத்தில் வடசென்னையின் உப்புக் காற்றும், கிடங்கின் வியர்வையும், அக்கம்பக்கத்தார் கண்ணும் அந்தக் கத்தியை என்ன செய்கின்றன என்பதே அது நிலைக்குமா நிலைக்காதா என்பதைத் தீர்மானிக்கிறது.

முதலில் எஃகு. காசிமேட்டுப் பக்கமிருந்து வீசும் காற்றில் சைக்கிள் ரிம்மும் கதவுக் கீலும் எவ்வளவு சீக்கிரம் பூத்துப் போகும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எவர்சில்வர் என்று சொல்லத்தக்க எஃகில் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் இருக்க வேண்டும். அந்தக் குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத படலமாக மேற்பரப்பில் படிந்து இரும்பைக் காக்கிறது. ஆனால் கத்திக்குக் கரிமமும் வேண்டும். கரிமம் கூடினால் எஃகு கெட்டிப்படும், கூர் நிற்கும். அதே கரிமம் குரோமியத்தைத் தன்னோடு பிணைத்துக் கார்பைடு துகள்களாக்கிவிடுவதால், அப்படிப் பிணைந்துபோன குரோமியம் துருவைத் தடுக்க உதவாமல் போகிறது. நடுத்தர விலையில் வரும் சீனக் கத்திகளில் பரவலாகப் போடப்படும் டி2 எஃகின் கதை இதுதான். அதில் குரோமியம் 11 முதல் 13 விழுக்காடு வரை இருப்பதால் விளம்பரத்தில் படிக்கும்போது துருவுக்கு அஞ்ச வேண்டாம் என்று தோன்றும். கரிமம் ஏறக்குறைய 1.5 விழுக்காடு இருப்பதை யாரும் பெரிய எழுத்தில் போடுவதில்லை. தகடு வெட்டும் டை செய்வதற்கென்று உருவான எஃகு அது. லேத் பட்டறைக்காரர்களைக் கேட்டால் அதன் கெட்டித்தன்மையைப் புகழ்வார்கள், ஆனால் அவர்கள் அதை எண்ணெய் தடவித்தான் வைத்திருப்பார்கள்.

நான் வாங்கிய சீனத்துக் கத்தியில் அப்படித்தான் நடந்தது. கூர் உண்மையிலேயே பல நாள் நின்றது. பிளாஸ்டிக் பட்டைகளை வரிசையாக அறுத்துத் தள்ளினாலும் காகிதத்தைச் சீவும் அளவுக்குக் கூர் மிச்சமிருந்தது. ஆனால் சித்திரை வெயிலில் கால்சட்டைப் பையில் வியர்வையோடு கிடந்ததில், அலகு சுழலும் அச்சாணியைச் சுற்றியும், அலகில் செதுக்கியிருந்த நிறுவன முத்திரையின் பள்ளத்திலும் பழுப்புப் புள்ளிகள் கிளம்பின. அலகுக்குக் கறுப்புப் பூச்சு போட்டு வரும் வகைகளும் இருக்கின்றன. பூச்சு எவ்வளவு நன்றாக இருந்தாலும், தீட்டிய விளிம்பில் அது இருக்க முடியாது, துரு முதலில் பிடிப்பதும் அந்த விளிம்பில்தான். இதைத் தவிர, பூட்டுத் தகட்டுக்கும் பிடிக்கும் நடுவேயுள்ள இடுக்கில் சணல் தூசியும் பஞ்சும் அடைத்துக்கொண்டதால், தகடு முழுதாக நகராமல் அலகின் ஓரத்தில் மட்டும் தொட்டுக்கொண்டு நின்றது. பூட்டியிருக்கிறது என்று நம்பி அழுத்துகிற கத்தி பூட்டாமல் இருப்பது, பூட்டே இல்லாத கத்தியைவிட அபாயமானது. ஜவுளிக் கிடங்கில் இந்த வகைக் கத்தியை வைத்திருப்பவர்கள் அவ்வப்போது அந்த இடுக்கை ஊதி, பல் துலக்கும் பழைய பிரஷ்ஷால் துடைத்துவிட வேண்டும்.

ஒப்பினெலைப் பற்றி நீளமாக எழுத ஆசை உண்டு, ஏனென்றால் இவ்வளவு எளிமையான பொருளை இவ்வளவு அழகாகச் செய்தவர்கள் குறைவு. பிரான்சின் சவாய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் 1890இல் செய்யத் தொடங்கிய உழவர் கத்தி அது. 1897இல் 1 முதல் 12 வரை எண்ணிட்ட அளவுகளாக வந்தது. 8ஆம் எண்ணின் அலகு 8.5 சென்டிமீட்டர். ஒரு மரப்பிடி, ஓர் அலகு, ஓர் அச்சாணி, இரண்டு வளையங்கள், அவ்வளவுதான். வெளி வளையத்தை விரலால் திருப்பினால் அலகு மடங்காமல் பூட்டிக்கொள்ளும். இந்த ஏற்பாடு 1955இல் சேர்க்கப்பட்டது. அலகு மெல்லியது, விளிம்பை நோக்கி இன்னும் மெலிந்துகொண்டே போவது. அதனால் பழம் நறுக்குவதில் இதற்கு ஈடில்லை. வண்டிக்காரரிடம் மாங்காயை முழுதாக வாங்கி வந்து இதனால் கீற்றுப் போட்டால், கீற்று உடையாமல் கண்ணாடி போல் விழும். ஆனால் மாங்காய்ப் புளிப்பு பட்ட இடமெல்லாம் கார்பன் அலகு உடனே கறுத்துவிடும், முதல் சில நாட்களுக்குக் கீற்றில் இரும்பு வாடையும் அடிக்கும். அந்தக் கறுப்பு ஒரு வகையில் காப்பும்கூட; அதைத் தேய்த்துப் பளபளப்பாக்க முயல வேண்டியதில்லை. இதே கத்தி துருப்பிடிக்காத அலகோடும் கிடைக்கிறது. எங்கள் பக்கத்தில் இருப்பவர்கள் அதைத்தான் வாங்க வேண்டும்.

அலகை மாற்றிக்கொள்ளலாம், பிடியை என்ன செய்வது? ஒப்பினெலின் பிடி வழக்கமாக பீச் மரம். ஈரத்தை உறிஞ்சி ஊதுவது அந்த மரத்தின் இயல்பு. ஐப்பசி, கார்த்திகை மழையில் கிடங்குத் தரையே கசியும்போது, பிடியின் பிளவு நெருங்கி அலகை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். நகத்தால் இழுத்தால் நகம்தான் பெயரும். இதற்குச் சவாய் மக்களே ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: பிடியின் வால்பகுதியை மேசை விளிம்பில் தட்டினால் அலகு சற்றே வெளியே வரும், பிறகு விரலால் எடுத்துக்கொள்ளலாம். வேடிக்கையான, பயனுள்ள தந்திரம்தான். உள்பக்கத்தை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் ஊறவிட்டாலும் பெருமளவு சரியாகும். ஆனால் ஒரு தோளில் கட்டைத் தாங்கிக்கொண்டு நிற்பவன் கத்தியை எடுத்து மேசை தேடித் தட்டிக்கொண்டிருக்க முடியாது. வீட்டுச் சமையலறைக்கும், ரயில் பயணத்தில் கொய்யா வெட்டுவதற்கும் ஒப்பினெலை மனமாரப் பரிந்துரைக்கிறேன், கிடங்குக்கு வேண்டாம்.

கேடெட் பார்ப்பதற்குப் பெரிய பொருளாகத் தெரியாது. மடக்கிய நிலையில் 84 மில்லிமீட்டர் நீளம், 46 கிராம் எடை. சட்டைப் பையில் போட்டால் பை தொங்குவதில்லை. ஏறக்குறைய இரண்டரை அங்குல அலகு ஒன்று, டின் திறப்பான், சோடா மூடி திறப்பான், நக அரம், சாவி வளையம் ஆகியவைதான் உள்ளே. திறப்பான்கள் இரண்டின் நுனியும் ஸ்குரூடிரைவராகவும் பயன்படும். விக்டோரினாக்ஸ், கார்ல் எல்செனர் 1884இல் இபாக் என்ற ஊரில் தொடங்கிய பட்டறையிலிருந்து வளர்ந்தது. 1891இல் சுவிஸ் படைக்கு முதல் கத்திகளை வழங்கியது. பலரும் அறிந்த அந்த அதிகாரிகள் கத்தி 1897இல் வந்தது. சிவப்புப் பிளாஸ்டிக் பிடி போட்டவைதான் ஊரெங்கும் தெரிந்த முகம். கேடெட்டின் பிடியோ புள்ளி புள்ளியாக மேடு எழுப்பிய அலுமினியத் தகடு. வியர்த்த கையிலும் வழுக்குவதில்லை, கீழே சிமெண்டுத் தரையில் விழுந்தாலும் விரிசல் விடுவதில்லை. அலகில் கரிமம் ஏறக்குறைய அரை விழுக்காடு, குரோமியம் 15 விழுக்காடு. ராக்வெல் அளவில் கடினம் 56. டி2 கத்திகள் வழக்கமாக 60ஐ ஒட்டி இருப்பதால், இது அவற்றைவிட மென்மையானது, சீக்கிரம் மழுங்குவது. ஆனால் சித்திரை முழுதும் அதே பையில், அதே வியர்வையில் கிடந்து ஒரு புள்ளிகூட எழவில்லை.

என்னை முழுமையாக மனம் மாற்றியது அலகுகூட இல்லை, டின் திறப்பான்தான். சேலைப் பெட்டியைத் திறப்பதில் உள்ள உண்மையான ஆபத்து டேப்பை அறுக்க முடியாமல் போவதன்று, டேப்புக்குக் கீழே இருப்பதையும் சேர்த்து அறுத்துவிடுவது. பெட்டி நிரம்பியிருந்தால் அட்டைக்கும் முதல் சேலையின் பாலித்தீன் உறைக்கும் நடுவே விரல் நுழைய இடமிருக்காது. கூர்நுனிக் கத்தி ஒரு நொடி ஆழமாக இறங்கினால் உறையும் கிழிந்து, உள்ளே முந்தியில் இழையும் அறுந்திருக்கும். கேடெட்டின் டின் திறப்பானுக்குக் கூர்நுனி கிடையாது. அதன் முனை சிறிய ஸ்குரூடிரைவர் போலத் தட்டையாக, குட்டையாக இருக்கிறது. பெட்டியின் இரண்டு மடல்களும் சேரும் கோட்டில் அந்த முனையை வைத்து நம் பக்கம் இழுத்தால், அது பள்ளத்தோடு ஓடி டேப்பைப் பிளந்துகொண்டே வருகிறது. உறையில் கீறல்கூட விழுவதில்லை. இதைத் தயாரிப்பாளர்கள் தகர டப்பாவுக்காகச் செய்தார்கள், சேலைப் பெட்டிக்காக அல்ல. அலகு இதனால் டேப்புப் பசையில் தோயாமல் தப்பிக்கிறது. டேப்புப் பசை கூரை மழுக்குவதைவிட அலகில் ஒட்டிக்கொண்டு இழுவையைக் கூட்டுவதுதான் தொல்லை. ஒட்டிய பசையைத் தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் போய்விடும்.

கேடெட்டுக்குப் பூட்டு இல்லை. ஒரு வில் தகடு அலகைத் திறந்த நிலையிலும் மடக்கிய நிலையிலும் அழுத்திப் பிடித்திருக்கிறது, அவ்வளவே. அலகின் முதுகுப் பக்கம் அழுத்தம் விழுந்தால் விரல்மேல் மடங்கிவிடும். எனவே இதனால் குத்தக் கூடாது, துளைக்கக் கூடாது, நெம்பக் கூடாது. கூர்ப்பக்கம் அழுந்துமாறு இழுத்து அறுக்க மட்டுமே வேண்டும். இறுகக் கட்டிய பிளாஸ்டிக் பட்டையை அறுக்கும்போது கத்தி எதுவானாலும் முகத்தைச் சற்று விலக்கிக்கொள்வது நல்லது, அறுந்த முனை சுழன்று வந்து கண்ணில் அடிக்கக்கூடும். அலகைத் திறக்க நகம் வேண்டும் என்பது இன்னொரு குறை. நகத்தை ஒட்ட வெட்டிய நாளன்று அது எரிச்சலூட்டும். ஒரே கையால் திறக்க முடியாது. அந்தக் குறையைப் பற்றி நான் கவலைப்படாததற்குக் காரணம் அடுத்து வருவது.

சட்டத்தை முதலில் பார்த்துவிடலாம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் வந்த 2016ஆம் ஆண்டு விதிகளின் அட்டவணை, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ கொண்ட அலகுகளை ஆயுத வகையில் சேர்க்கிறது. வீட்டு, வேளாண், அறிவியல், தொழில் பயன்பாட்டுக்கென அமைந்தவற்றுக்கு விலக்கும் தருகிறது. நான் சொல்லும் மூன்று கத்திகளும் இந்த அளவில் பாதியைக்கூடத் தொடுவதில்லை. ஆனால் அங்குலக் கணக்கு நீதிமன்றத்தில் உதவும். இரவு பதினொரு மணிக்கு வாகனச் சோதனையில் நிற்கும் காவலருக்கு முன்னால் அது பாதிதான் உதவும். வியாசர்பாடி என்றோ காசிமேடு என்றோ முகவரி சொன்னாலே கத்தியை எதிர்பார்க்கும் மனநிலையைத் திரைப்படங்கள் ஊருக்கெல்லாம் பழக்கி வைத்திருக்கின்றன. போதாக்குறைக்குப் பட்டாக்கத்தியால் பிறந்தநாள் கேக் வெட்டி, அதைக் காணொளியாகவும் போட்டுக் கைதாகும் விடலைகள் வேறு. இந்த நிலையில், கட்டைவிரல் பட்டதும் 'டக்' என்ற ஓசையோடு விரியும் கறுப்பு அலகைப் பேருந்து நிறுத்தத்தில் எடுத்தால், அது எத்தனை அங்குலம் என்று யாரும் அளக்கப் போவதில்லை. கிடங்கிலேயே அதைத் திறந்த முதல் நாள் கணக்குப் பிள்ளை நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார். கேடெட்டை எடுத்தால், 'அந்த நகவெட்டியைக் கொஞ்சம் கொடுங்கண்ணே' என்று பையன்கள் கை நீட்டுகிறார்கள். வடசென்னைக்காரன் அன்றாடம் வைத்துக்கொள்ளும் கத்தி கருவியாகவே பார்வைக்கும் தெரிய வேண்டும் என்பதை ஓர் அநியாயமான நிபந்தனையாக நான் நினைக்கிறேன். ஆயினும் வாங்கும்போது அதைக் கணக்கில் எடுக்காமல் இருக்க முடியாது.

பட்டனை அமுக்கினால் அலகு பாயும் ஸ்பிரிங் கத்தியை எந்த வேலைக்கும் யாரும் வாங்க வேண்டாம். விமானத்தில் கைப்பையில் எந்தக் கத்திக்கும் இடமில்லை, பெரிய பெட்டியில் போட்டு அனுப்பிவிட வேண்டும். மெட்ரோ நிலையத்தில் பை ஸ்கேனர் வழியே போகிறது. விம்கோ நகர் பக்கமிருந்து மெட்ரோவில் வேலைக்கு வருபவர்கள் கத்தியைக் கிடங்கு மேசை அறையிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது. துறைமுக வாயிலுக்கும் இது பொருந்தும்.

கூர் தீட்டுவதைப் பற்றி. சைக்கிளில் சாணைச் சக்கரம் பொருத்தித் தெருத்தெருவாக வருபவரிடம் அரிவாள்மனையையும் வெட்டுக்கத்தியையும் கொடுக்கலாம், மடக்குக் கத்தியைக் கொடுக்கலாகாது. சக்கரத்தில் பொறி பறக்கும்போது மெல்லிய அலகின் விளிம்பு சூடேறிப் பதம் இழந்துவிடும். பிறகு எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது, அதோடு அலகின் அகலத்தில் கணிசமான பகுதி தெருவில் பொடியாகக் கிடக்கும். ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் நைஸுமாக உள்ள சாதாரணக் கார்பரண்டம் கல் போதும். அலகைக் கல்லின்மேல் 15 முதல் 20 பாகை வரை சாய்த்து, இரண்டு பக்கமும் மாறி மாறி, அழுத்தாமல் இழுக்க வேண்டும். கல் இல்லாத இடத்தில் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, மெருகேறாத அடி விளிம்பில் நாலு இழுப்பு இழுத்தாலே கேடெட் மறுபடி காகிதம் சீவுகிறது. டி2 அலகை அப்படி வழிக்குக் கொண்டுவர முடியாது. அது மழுங்க நாளாகும், மழுங்கிய பிறகு வைரத் துகள் பதித்த தகடு கேட்கும். எஃகு மென்மையாக இருப்பதைக் குறையாக எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தையும் எழுத வேண்டும். அச்சாணிக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். தேங்காய் எண்ணெய் அங்கே வேண்டாம், நாளடைவில் பிசினாகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

வாங்கும் இடத்தில் ஒரு பேச்சு. கேடெட்டை நான் வாங்கியது பாரிமுனைப் பக்கம் லிங்கிச் செட்டித் தெருவில், பேரிங்கும் ஸ்பேனரும் விற்கும் ஒரு பழைய கடையில். கண்ணாடி அலமாரியில் பளபளவென்று இருந்த பூட்டுக் கத்திகளையும் சேர்த்துக் கேட்டதற்கு, கல்லாவில் இருந்த பெரியவர் நிமிர்ந்து பார்த்து, 'இன்னா தம்பி, வெட்றதுக்கா காட்றதுக்கா?' என்றார். வெட்டுவதற்கு என்றதும் அலமாரியை மூடிவிட்டு மேசை அறையிலிருந்து கேடெட்டை எடுத்து வைத்தார். இணையத்தில் வாங்குவதில் எனக்குள்ள தயக்கம், இந்த நிறுவனத்தின் பெயரில் போலிகளும் உலவுகின்றன என்பதுதான். கையில் எடுத்துப் பார்த்தால் வேறுபாடு உடனே தெரியும்: அலகின் அடிப்பகுதியில் நிறுவனப் பெயரும் சுவிஸ் தயாரிப்பு என்ற முத்திரையும் தெளிவாகப் பதிந்திருக்கும், மடக்கும்போதும் திறக்கும்போதும் அலகு கடைசி நேரத்தில் தானாகவே துள்ளி உட்காரும், மூடிய கத்தியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தகடுகளுக்கு நடுவே கோணல் இடைவெளி இருக்காது. விலை சில ஆயிரங்களில் வருகிறது, கட்டரோடு ஒப்பிட்டால் கண்ணைக் கட்டும். பொருளிலும் செய்நேர்த்தியிலும் உள்ள குறைகளுக்கு நிறுவனம் ஆயுட்கால உத்தரவாதம் தருகிறது. தேய்மானத்துக்கும் தவறாகக் கையாண்டதற்கும் அது பொருந்தாது என்பதால், ரசீதை வாங்கிப் பத்திரப்படுத்துவதோடு, இதனால் ஆணி நெம்பாமல் இருப்பதும் அவசியம்.

விசைப்படகில் வேலை செய்யும் உறவினர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டுத் தனக்கும் ஒன்று வேண்டும் என்றார். அவருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஈரமான நைலான் வடத்தை வழவழப்பான அலகு வழுக்கிக்கொண்டுதான் போகும், அதற்கு ரம்பப் பல் போட்ட விளிம்பு வேண்டும். ஈரக் கையால் நகம் கொடுத்துத் திறப்பதும் படகில் நடக்காது. கரிமத்துக்குப் பதிலாகப் பெரும்பங்கு நைட்ரஜனைக் கொண்டு கெட்டிப்படுத்திய எல்சி200என் போன்ற எஃகுகள் கடல்நீரிலேயே கிடந்தாலும் துருவேறுவதில்லை. ஸ்பைடர்கோ நிறுவனத்தின் சால்ட் வரிசையில் அத்தகைய கத்திகள் உண்டு, ஒரு கையால் திறப்பவை, ரம்பப் பல்லோடும் கிடைப்பவை. விலை கேடெட்டைவிடப் பல மடங்கு. அவ்வளவு கொடுக்க மனமில்லாதவர்கள், காசிமேட்டில் எல்லாரும் செய்வதைப் போல, மரப்பிடி போட்ட மலிவான ரம்பக் கத்தி ஒன்றைக் கயிற்றில் கட்டிப் படகிலேயே தொங்கவிட்டுக்கொள்வதுதான் சரி.